சித்தப்பா ஊதின பாலாடை

எங்கள் வீட்டில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டுவிட்டால் அது எச்சில். பட்டதா இல்லையா என்பதை அம்மா அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு ரயில் ஏறியபோது அவள் நகைப் பெட்டியை மறந்தாலும் மறந்திருப்பாளே தவிர எச்சில், பத்து என்கிற ஆசாரத்தை மறந்திருக்கமாட்டாள் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் வாயால் ஊதிப் பிழைக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். அவர் அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா.

நான் சொல்வது ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. எனக்கு எட்டு வயது. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், குளங்களும் தென்னை மரங்களுமாக இருந்த ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. அந்தி சாய்ந்தால் நரி ஊளையிடும். அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. தம்பியையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட வேண்டுமென்று துரையின் கையைக் காலைப் பிடித்து ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா அந்த நாற்காலியில் ஏழு மாதம் உட்கார்ந்தார்.

கெடுத்தது ஒரு விளக்குச் சிம்னி. கம்பெனிக்கு வரவேண்டிய சிம்னிகள் வரவில்லை, என்ன ஆயிற்று என்று பார்த்து வரும்படி சித்தப்பாவை சியால்டாவுக்குக் கிழக்கே, கால்வாய்க்கரையில் இருந்த கண்ணாடிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். காலையில் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். புருவம் பாதி கருகியிருந்தது. சிம்னி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அதைக் கேக்க மறந்துட்டேன்" என்றாராம். மறுநாளும் போனார். அப்புறம் கம்பெனிக்குப் போவதையே மறந்துவிட்டார்.

அப்பா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம். அம்மாதான் சமாதானம் செய்துவைத்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் அதிரசப் பாகு பாலிகஞ்சில் இருந்த நாலு தமிழ்க் குடும்பத்திலும் பேர் போனது. சித்தப்பா அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அவள் பாகு காய்ச்சும்போது பேசுவார்.

"அதே பதம்தான் மன்னி. உலைக்குள்ள பாகு மாதிரி கொதிச்சிண்டிருக்கும். குழாய் முனையில சுத்தி எடுக்கணும். ஒரு நிமிஷம் முந்தினா வழிஞ்சுடும், பிந்தினா இழுத்தாலும் வராது."

"பாகை விட்டுட்டு வேற எங்கேயாவது பாத்தா அதுக்குப் பிடிக்காது" என்பாள் அம்மா, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதேதான், அதேதான்!" என்று சித்தப்பா தொடையில் தட்டிக்கொள்வார். எங்கள் வீட்டில் கண்ணாடியைப் பற்றி அவர் சொன்னதைப் புரிந்துகொண்டவள் அம்மா ஒருத்திதான். அப்பாவுக்குக் கண்ணாடி என்றால் மூக்கில் மாட்டுவது.

ஆறு மாதத்தில் சித்தப்பா சிம்னி ஊதக் கற்றுக்கொண்டார். வடக்கே எங்கோ தலைமுறை தலைமுறையாய் வளையல் உருக்கிய குடும்பத்துக் கிழவர் ஒருவர் பட்டறையில் மிஸ்திரி. இந்த மதராசிப் பையன் முதலில் கையைச் சுட்டுக்கொண்டு ஓடிவிடுவான் என்று அவர் பந்தயம் கட்டியிருந்தாராம். சித்தப்பா சுட்டுக்கொண்டார், ஓடவில்லை. சிம்னி, மைக்கூடு, மருந்துப் புட்டி என்று ஊதினார். வேலை முடிந்ததும் உலைப் பானையில் மிஞ்சிய கண்ணாடியை எடுத்து, யாரும் கேட்காத என்னென்னவோ செய்து பார்ப்பார். கழுத்து நீண்ட ஒரு கூஜாவை எட்டு முறை செய்து எட்டையும் உடைத்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அது இப்படி வளையணும்னு நெனைக்கறது, நான் அப்படி வளைக்கறேன். இன்னும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலை" என்றார். கண்ணாடியைப் பற்றி எப்போதும், சற்று முன்கோபியான ஒரு சிநேகிதனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பட்டறைக்கு அழைத்துப்போனார். கரியும் வெக்கையுமாக இருந்த அந்தக் கொட்டகையில் உலையின் வாய் திறந்தபோது நான் சித்தப்பாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. ஒருவன் நீண்ட இரும்புக் குழாயை அதற்குள் விட்டுச் சுழற்றி, நுனியில் ஒரு உருண்டையோடு வெளியே எடுத்தான். ஊதினான். உருண்டைக்குள் ஒரு காற்றுக்குமிழ் பிறந்தது. குழாயை அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் ஊதினான். பிறகு சித்தப்பா வாங்கி ஊதினார். குமிழ் வளர்ந்துகொண்டே போயிற்று. அத்தனை அழகான எதையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். "மூணு பேரும் ஒரே குழாயில வாய் வெச்சு ஊதினாம்மா!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறந்தவள் நான், கெட்டது சித்தப்பா. அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஒரே குழாயா?"

அப்பாவுக்குத் தம்பி மேல் இருந்த கோபம் அதற்குள் ஆறியிருந்தது. "நெருப்புல வெந்ததுக்கு ஏதுடி எச்சில்?" என்று சொல்லிப் பார்த்தார்.

"வெந்தப்புறம்னா ஊதறா" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே பூஜை அலமாரிக்கு முன்னாலிருந்த சிம்னி விளக்கு கூடத்துக்கு வெளியே போயிற்று. மைக்கூடு போயிற்று. மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் யோசித்தாள், பிறகு மருந்துக்குத் தோஷமில்லை என்று முடிவு செய்தாள். சித்தப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கூடத்தின் ஓரத்தில் தனி இடம். அவர் தட்டை அவரே தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். பாகு காய்ச்சும்போது வாசற்படியில் உட்கார்ந்து பேசுவதும் நின்றுபோயிற்று. எனக்கு அழுகையாக வந்தது. சித்தப்பா என் தலையைக் கலைத்துவிட்டு, "கண்ணாடி சூடா இருக்கறச்சே எதை வேணும்னாலும் பொறுத்துக்கும்டி. ஆறறச்சேதான் விரிசல் விடும். மன்னி இப்ப ஆறிண்டிருக்கா. தொடப்படாது" என்றார்.

மன்னி ஆறுவதற்குள் எனக்குத் தம்பி பிறந்துவிட்டான்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அடுத்த வீட்டு வங்காளி அம்மாளை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன், அந்த ஊர்ப் பேச்சில் பெரியம்மா சின்னம்மா மாதிரி. அவள்தான் ஓடிவந்தாள். குழந்தை அப்பாவின் உள்ளங்கைக்கு அடங்கிவிடும்போல் இருந்தது. அழத் தெரியவில்லை, பூனைக்குட்டிபோல் ஒரு முனகல். முலையைப் பற்றி உறிஞ்ச அதற்குத் தெம்பு இல்லை. டாக்டர் வந்து, ரப்பர்க் காம்பு வைத்த புட்டியும் ஆகாது, இதற்கு உறிஞ்ச முடியாது, கதகதப்பாக வைத்துக்கொண்டு துளித்துளியாகப் புகட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, அப்பாவைத் தனியாக வெளியே அழைத்துப்போய்ப் பேசினார்.

அம்மா பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பாலாடை இருந்தது. எனக்கும் அதில்தான் புகட்டினார்களாம். பாலாடை என்றால் தெரியுமல்லவா, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அந்த மூக்கு ஒழுங்கான குழந்தைகளுக்காகச் செய்தது. அம்மா தன் பாலைப் பீய்ச்சி அதில் எடுத்து, தம்பியின் வாயில் சாய்த்தால், துளி விழாது, மடமடவென்று விழும். அவனுக்குப் புரையேறும், உதடு நீலம் பாரிக்கும். துணித்திரியை நனைத்து வைத்தார்கள். பாதிப் பால் திரிக்கே போயிற்று. மூன்றாம் நாள் அந்த முனகலும் குறைந்துவிட்டது. மாஷிமா குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த தீட்டு பங்காளிகள் எல்லோருக்கும் பத்து நாள் உண்டு. வீடு முழுக்கத் தீட்டாகிவிட்டதால் சித்தப்பாவை மட்டும் தனியாக ஒதுக்கிவைக்க வழியில்லாமல் போனது. அப்பா ரசம் வைத்தார், சித்தப்பா சோறு வடித்தார். அன்று ராத்திரி சோறு பரிமாறும்போது சித்தப்பா என்னிடம், "அந்தப் பாலாடையைக் கொஞ்சம் எடுத்துண்டு வா" என்றார். கொண்டுவந்தேன். விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கில் சுண்டுவிரலை வைத்து அளந்தார். திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை அவர் பட்டறைக்குப் புறப்பட்டபோது, என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாருமில்லாததால் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

சிம்னி வேலை தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உலையைத் தனக்கு விடும்படி மிஸ்திரியிடம் கெஞ்சினார். எதற்கு என்று சித்தப்பா சொன்னதும் கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு நகர்ந்து நின்றார். சித்தப்பா குழாய் நுனியில் நெல்லிக்காய் அளவு எடுத்து ஊதினார். குமிழின் ஒரு பக்கத்தை மட்டும் தீயில் காட்டி, அது இளகியதும் இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தார். குமிழிலிருந்து ஒரு மூக்கு நீண்டு வந்தது. இழுக்க இழுக்க அது மெலிந்தது. உள்ளே துவாரம் மூடவில்லை. அதுதான் எனக்கு மாயமாக இருந்தது. அவ்வளவு மெல்லியதற்குள்ளும் அவருடைய மூச்சு அடைபடாமல் போய்க்கொண்டிருந்தது.

முதலாவது மூக்கு கோணிக்கொண்டது. இரண்டாவது, கிண்ணத்தின் வாயைத் திறக்கும்போது டிக் என்று விரிசல் விட்டது. மூன்றாவதில் மூக்கு இற்று விழுந்தது. வெளியே ஆட்கள் வந்து சேர ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டுக் கூஜா உடைந்தபோதும் சிரித்த மனிதர் அன்று சிரிக்கவில்லை. நாலாவதை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ முணுமுணுத்தார். சுலோகம் என்று நினைத்தேன். கிட்டே போய்க் காதுகொடுத்தேன், "உன் இஷ்டப்படியே வா, உன் இஷ்டப்படியே வா" என்று அந்த உருண்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வந்தது. பிடிக்க வசதியாக ஒட்டிய கைப்பிடி சற்றுக் கோணல், மற்றபடி வந்துவிட்டது. மூக்கின் நுனியை நறுக்கி, கூர் இல்லாமலிருக்கத் தீயில் மழுக்கினார். பொறுக்கும் சூடு வந்ததும், குழந்தையின் வாயைக் கிழித்துவிடுமோ என்று அந்த நுனியைத் தன் உதட்டில் வைத்தார், நாக்கில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு பிஸ்கோத்து டப்பாவில் சுடுசாம்பலை நிரப்பி அதற்குள் புதைத்தார். சாம்பலுக்குள் மெதுவாக ஆறினால்தான் கண்ணாடி உடையாது, நாளைக் காலைவரை கிடக்கட்டும் என்று மிஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நாளைக்குக் குழந்தை இருக்குமா என்று சித்தப்பா கேட்டார். கிழவர் தானே ஒரு சாக்கைக் கொண்டுவந்து டப்பாவைச் சுற்றிக் கொடுத்தார்.

மத்தியானம்வரை உலைப் பக்கத்திலேயே வைத்திருந்துவிட்டு, சியால்டாவில் ரயிலேறினோம். சித்தப்பா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் காதை அதில் வைத்துக் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாபு, உள்ளே பாம்பா என்று விசாரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். எங்கள் சந்து முனையில் சித்தப்பா குந்தி உட்கார்ந்து மூடியைத் திறந்து சாம்பலுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். விரிசல் இல்லை. அவருக்கு மூச்சு வந்தது. தன் துண்டால் துடைத்து, பஞ்சில் பொதிந்து என் கையில் கொடுத்தார்.

"நீயே கொண்டுபோய்க் கொடு. நான் பண்ணினேன்னு மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா மன்னி தொடமாட்டா."

"பின்னே என்னன்னு சொல்ல?"

"எதாவது சொல்லேன். உனக்கா வாய் இல்லை?" என்றார்.

அம்மா பிரசவ அறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நான் பஞ்சுப் பொதியை நீட்டினேன். பிரித்தாள். குழந்தைக்கென்று வருகிற எதையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அதையும் கன்னத்தில் வைத்தாள், சற்று நேரம் எடுக்கவில்லை. மூக்கு சேருமிடத்தில் சாம்பல் கொஞ்சம் ஒட்டியிருந்தது, தலைப்பு நுனியால் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கேர்ந்துடி இது?"

பதிலை ரயிலிலேயே யோசித்து வைத்திருக்கலாம். பாம்பு பாபுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"கடையில வாங்கினதா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"சௌரங்கியிலயா?"

"ஆமாம்."

"வெள்ளைக்காரா கடைன்னா மெஷின்லன்னா பண்ணுவா?"

"மெஷின்தாம்மா!" எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "பெரிய மெஷின்."

"வாய் படாது."

"படவே படாதும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். மாஷிமாவிடம் சைகை காட்டி வெந்நீர் கேட்டாள். பாலாடையை அலம்பி, பாலை எடுத்து, மூக்கைத் தம்பியின் உதட்டோரம் வைத்துச் சாய்த்தாள். ஒரு துளி திரண்டது, நின்றது, விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு துளி. புரையேறவில்லை. மாஷிமா "ஆஹா ரே" என்று அழ ஆரம்பித்தாள். நான் வாசலுக்கு ஓடினேன். சித்தப்பா வெறும் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "குடிச்சுட்டான்" என்றேன். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தம்பி பிழைத்தான். பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கிற புண்யாகவாசனம் ஆனது. மந்திரம் சொன்ன வாத்தியார் போனபிறகு அம்மா இலை போடச் சொன்னாள். எப்போதும்போல் சித்தப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்து ஓரத்துக்குப் போனார். "அங்கே என்ன? அண்ணா பக்கத்துல இலை போட்டிருக்கு" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அப்பா என்னைப் பார்த்தார், நான் பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அம்மா பழசை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அந்தப் பாலாடையைக் காட்டுவாள். "சௌரங்கியில வாங்கினது. மெஷின்ல பண்ணினது" என்பாள். பக்கத்திலேயே சித்தப்பா உட்கார்ந்திருப்பார். "கைப்பிடி மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கே" என்று யாராவது சொன்னால், "மெஷின்தானே, அதுக்கு என்ன தெரியும்" என்பாள். சித்தப்பா குனிந்து ரசத்தைக் கலக்குவார். அம்மாவை இப்படி ஏமாற்றுகிறோமே என்று எனக்குச் சில சமயம் பாவமாகக்கூட இருக்கும். ஆனாலும் என் சமர்த்தை நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

சித்தப்பா பிற்பாடு நல்ல பேர் எடுத்தார். காலேஜ் லாபரட்டரிகளுக்கு வளைந்து நெளிந்த குழாய்களும் குடுவைகளும் அவர்தான் செய்தார். மிஸ்திரிக் கிழவருக்குப் பிறகு அந்த உலையே அவர் கைக்கு வந்தது. கழுத்து நீண்ட கூஜாவும் ஒருநாள் ஒத்துப்போய் வந்துவிட்டது. அதை ஒரு புரொபசர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்திருந்தார். கல்யாணமாகி டாக்குரியாப் பக்கம் தனிக் குடித்தனம் போனபிறகும், அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற அன்றைக்கு எப்படியோ மூக்கில் வியர்த்ததுபோல் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். நீங்கள் செய்ததிலே எது ரொம்ப உசத்தி என்று ஒருமுறை கேட்டேன். "கைப்பிடி கோணலா ஒண்ணு பண்ணினேனே, அதுதான்" என்றார்.

இப்போது அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பி இருக்கிறான். நிலைப்படி தலையில் இடிக்கிற உயரம், உத்தியோகத்தில் அதட்டல். பாலாடை என்னிடம் இருக்கிறது. என் குழந்தைகள் மூன்றும் அதில்தான் குடித்தன. அதை எடுக்கிறபோதெல்லாம் மனசுக்குள் சித்தப்பாவுக்கு ஒரு நமஸ்காரம் செய்வேன். அம்மாவுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று.

போன மாதம் பேரன் பிறந்திருக்கிறான். பரணிலிருந்து பாலாடையை இறக்கி வெந்நீரில் அலம்பினேன். ஈரம் துடைத்து, அம்மாவின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதால், கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் பஞ்சில் பொதிந்து கொண்டுபோனபோதும் அது சூடாகத்தான் இருந்தது. உலைச் சாம்பலின் சூடு. சௌரங்கியில் எந்தக் கடையிலும் கண்ணாடியைச் சூடாக விற்பதில்லை. அம்மா முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான், கடையில் வாங்கினதா என்று என்னைக் கேட்டாள்.